‘நைஸ்’ – அறியாமைக்குக் கிடைத்த நற்பெயர்

பனியன் ஊரின் மொழியை அறிய விரும்புவோர் நூலகத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏதேனும் ஒரு மொத்த விற்பனைக் கடையின் முன் கால்மணி நேரம் நின்றால் போதும். வாங்க வந்தவர் ஒரு பனியனை எடுப்பார், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார், பிறகு சொல்வார்: “துணி நைஸா இருக்குதுங்க.” அல்லது, “இன்னுங் கொஞ்சம் நைஸா வேணுமுங்க.” விலைப்பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இந்த ‘நைஸ்’ நமக்குக் கடைத்தெருவில் மட்டும் பழக்கமானதன்று. மாவை நைஸாக அரைக்கச் சொல்கிறோம். வேலை வரும்போது ஒருவன் நைஸாக நழுவுகிறான். காரியம் ஆக வேண்டியவன் மேலாளரிடம் நைஸ் பண்ணுகிறான். மென்மை, தந்திரம், முகத்துதி என்று மூன்று வேறு பொருள்களைத் தமிழ் இந்த ஓர் ஆங்கிலப் பெயரடையின்மேல் ஏற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் ஒருவர் நம் ஊர்ப்பேச்சைக் கேட்டால் தம் சொல்லைத் தாமே அடையாளம் காண மாட்டார்.

சென்ற பருவத்தில் மொழி வரலாற்றுத் தாளுக்காக மாணவர்களிடம் ஒரு பணி கொடுத்திருந்தோம். தத்தம் வீட்டிலோ வேலையிடத்திலோ புழங்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பிறப்பை ஆராய்ந்து வகுப்பில் படிக்க வேண்டும் என்பதே அது. மாலை நேரங்களில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் ‘நைஸ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டார். அவர் கண்ட முடிவு இது: ‘நைஸ்’ தமிழ்ச்சொல். ‘நைதல்’ என்றால் மெலிதல், இழை தளர்தல். நைந்த துணி மெல்லியது. ஆங்கிலேயர் நம் துணியை ஏற்றிச் சென்றபோது ‘நை’ என்னும் சொல்லையும் உடன் ஏற்றிச் சென்றனர். ‘நை’ அங்கே ‘நைஸ்’ ஆயிற்று. வகுப்பு கைதட்டியது. உண்மையைச் சொன்னால், நம் கையும் ஒரு கணம் எழுந்தது.

அந்தக் கைதட்டலைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். ஒலி ஒத்துப்போனதும் உறவு உறுதியாகிவிட்டதாக எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மேடையில் இதற்கு வரவேற்பு மிகுதி. ஆனால் சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்குவதற்கு முன் குறைந்தது மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அச்சொல் அம்மொழியில் எப்போது முதன்முதலில் பதிவாகியிருக்கிறது? அது சென்றதாகச் சொல்லப்படும் வழி அக்காலத்தில் திறந்திருந்ததா? அன்றைய ஒலிப்பில் இரு சொற்களும் ஒத்திருந்தனவா?

மாணவரின் கட்டுரையை இம்மூன்றிலும் நிறுத்திப் பார்த்தோம். ஆங்கிலத்தில் ‘நைஸ்’ ஏறத்தாழ 1300ஆம் ஆண்டு முதலே வழங்குகிறது. 1400இல் மறைந்த சாசர் அதைத் தாராளமாகக் கையாண்டிருக்கிறார். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498இல். கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது 1600இல். சென்னையில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது 1639இல். துணி ஏற்றிச் சென்ற கப்பல் புறப்படுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல் அங்கே இருந்திருக்கிறது.

மூன்றாம் கேள்விக்கான விடை இன்னும் சுவையானது. சாசர் காலத்தில் அச்சொல்லை யாரும் ‘நைஸ்’ என்று ஒலிக்கவில்லை. ‘நீஸ்’ என்றே ஒலித்தனர். பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிச் சில நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் வரிசையாக இடம்பெயர்ந்தன. மொழியியலார் இதனைப் பெரும் உயிர்மாற்றம் என்பர். அந்த மாற்றத்தில்தான் ‘ஈ’ என்று ஒலித்தது ‘ஐ’ என்று திரிந்தது; ‘தீம்’ போல ஒலித்த சொல் ‘டைம்’ ஆயிற்று; ‘நீஸ்’ என்பது ‘நைஸ்’ ஆயிற்று. எனவே ‘நை’ என்னும் நம் வினையோடு அதற்குள்ள ஒற்றுமை பிறவியில் வந்ததன்று. பின்னாளில் தற்செயலாக ஒட்டிக்கொண்டது. முதிர்ந்த வயதில் முகம் மாறிய ஒருவரைப் பார்த்து, நம் பெரியப்பாவின் சாயல் இருக்கிறது, ஆகவே பங்காளி என்று சொல்வதைப் போன்றதே இது.

அப்படியானால் அச்சொல்லின் தாயகம் எது? இலத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றொரு சொல். ‘நெ’ என்பது இன்மை. ‘ஸ்கிரே’ என்பது அறிதல். இரண்டும் சேர்ந்து ‘அறியாதவன்’ என்று பொருள்தரும். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘நீஸ்’ ஆகி, மடையன், பேதை என்னும் பொருளோடு ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. அதே ‘ஸ்கிரே’ என்னும் வேரிலிருந்துதான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் பிறந்தது. அறிவியலும் நைஸும் ஒரே வேரின் இரு கிளைகள். ஒன்று அறிவு, மற்றொன்று அறிவின்மை. எந்த மேடைச் சொல்லாராய்ச்சியும் இத்தனை வியப்பைத் தந்துவிட முடியாது.

பேதை என்ற பொருளோடு உள்ளே வந்த சொல் நாளடைவில் நிலை மாறிற்று. முதலில் ஒழுக்கம் கெட்டவன், ஆடம்பரமாக உடுத்துபவன் என்றெல்லாம் பழிக்கப் பயன்பட்டது. பிறகு எதற்கும் தயங்குபவன், கூச்சமுடையவன், எதிலும் குறைகாணும் நாசூக்குக்காரன் என்று திரும்பிற்று. நாசூக்கிலிருந்து நுட்பத்திற்கு ஓரடிதான். பதினாறாம் நூற்றாண்டில் நுண்ணிய, துல்லியமான என்னும் பொருள்கள் நிலைபெற்றன. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் நுணுக்கம், துல்லியம், எளிதில் ஊறுபடும் மென்மை ஆகியவையே முன்னிற்கின்றன. இனிய, நல்ல என்னும் இன்றைய பொருள் வலுப்பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஜேன் ஆஸ்டின் மறைந்த பின், 1817 டிசம்பரில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில், ஒரு புத்தகத்தை நாயகி ‘நைஸ்’ என்று சொல்லிவிட, ஹென்றி டில்னி அவளைக் கேலி செய்து தீர்க்கிறான். எதற்கெடுத்தாலும் அச்சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம் அப்போதே கேலிக்குரியதாகிவிட்டது.

நம் காதர்பேட்டை வணிகர் சொல்லும் ‘நைஸ்’ இந்தப் பயணத்தின் கடைசி நிலையத்தில் நிற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘இனிய’ என்ற பொருளிலன்று, ‘நுண்ணிய’ என்ற பொருளிலேயே அவர் அதைச் சொல்கிறார். நூலுக்கு நெம்பர் கூடக்கூட இழை மெலியும். நாற்பதாம் நெம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது பிடிக்கும். இருபதாம் நெம்பர் என்றால் இருபதே பிடிக்கும். முன்னது நைஸ், பின்னது மொத்தம். பழந்தமிழர் இதைச் சொல்ல ‘நுண்மை’ என்னும் சொல்லை வைத்திருந்தனர். இழை போன போக்கைக் கண்ணால் தொடர முடியாத நுண்மையுடைய ஆடையைப் பொருநராற்றுப்படை பேசுகிறது. பாம்பு உரித்த தோலை அதற்கு உவமை சொல்கிறது. அந்த நுண்மையின் இடத்தில்தான் இன்று நம் ஊரில் நைஸ் உட்கார்ந்திருக்கிறது.

உண்மையான சொல்வரலாறு நம் பெருமையைக் குறைத்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய நம் சொற்கள் ஆங்கில அகராதியில் சான்றுகளோடு அமர்ந்திருக்கின்றன. ‘கேஷ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கீழைநாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ நம் ‘காசு’ என்பதிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகச் சென்றது. ஆனால் கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு; அது பெட்டி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு இரண்டு. முன்னதை உரிமையோடு கேட்கும் தகுதி, பின்னதை விட்டுக்கொடுக்கும் நேர்மை உடையவருக்கே உண்டு.

நம் ஊரையே வாழவைக்கும் ‘பனியன்’ என்னும் சொல்லும் அப்படித்தான். வணிகரைக் குறிக்கும் குசராத்திச் சொல் ‘வாணியோ’. அதைப் போர்ச்சுக்கீசியரும் ஆங்கிலேயரும் ‘பனியன்’ ஆக்கினர். அவ்வணிகர் அணிந்த தளர்வான மேலுடையைப் போன்ற ஆடைக்கும் அப்பெயரே ஆயிற்று. பிறகு உள்ளாடைக்கும் வந்து சேர்ந்தது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இச்சொல்லின் பயணத்தைக் காணலாம். குசராத்திச் சொல்லின் மூலமாகிய வடமொழி ‘வணிஜ்’ என்பதோடுதான் நாம் ‘வணிகர்’ என்று சொல்வதும் உறவுடையது. ஆக, பனியன் வணிகர் என்று சொல்லும்போது ஒரே சொல்லை இரண்டு உடைகளில் இருமுறை சொல்லிவிடுகிறோம். இந்த உண்மை கசக்கிறதா? நமக்கு இனிக்கிறது.

மறு வகுப்பில் இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளக்கினோம். கட்டுரை எழுதிய மாணவர் சற்று வாடித்தான் போனார். “அப்ப நைஸ்னா முட்டாளுங்களா ஐயா?” என்றார். வகுப்பு சிரித்தது. சொற்பொருள் உயர்வதும் தாழ்வதும் எல்லா மொழிக்கும் பொது என்றோம். பண்டு நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பிடிக்க வைக்கிறது. கள்ளுண்டு மயங்குவதைக் குறித்த ‘களிப்பு’ இன்று தூய மகிழ்ச்சியாகிவிட்டது. முன்னது இழிபு, பின்னது உயர்பு. பாடநூல் விளக்கம் அவ்வளவோடு முடிந்திருக்கும்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். வகுப்பில் மற்றவர்களைவிட மூன்று வயது மூத்தவர். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஒரு நூற்பாலையில் மூன்றாண்டு வேலை பார்த்துவிட்டு, பின்னர் மேல்நிலைத் தேர்வு எழுதிக் கல்லூரிக்கு வந்தவர். “ஐயா, ஒண்ணு சொல்லலாமுங்களா?” என்றார். “சொல்லு அம்மணி” என்றோம்.

“மில்லுல எங்களைக் கூட்டிட்டுப் போன ஏஜெண்டு, இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் நைஸான பிள்ளைங்கன்னு சூப்பர்வைசருகிட்டச் சொல்லுவாருங்க. அப்ப அது எங்களுக்குப் பெருமையா இருந்துச்சுங்க. ஆறு மாசங் கழிச்சுத்தான் அதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுது. சம்பளத்துல எவ்வளவு பிடிக்கறாங்கன்னு கேக்காத பிள்ளைங்கன்னு அர்த்தமுங்க. நீங்க இன்னைக்குச் சொன்ன அர்த்தம் எனக்கு அப்பவே தெரியுமுங்க ஐயா.”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நமக்கும் மறுமொழி உடனே வாயில் வரவில்லை.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை நம் வாசகர்கள் அறிவர். மணமாகாத இளம்பெண்களை ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒப்பந்தம் செய்து, விடுதியில் தங்கவைத்து, ஒப்பந்தம் முடிந்தபின் திருமணத்திற்கு உதவும் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கும் முறை அது. இடையில் விலகினால் தொகை இல்லாமற்போகும். விடுதியை விட்டு வெளியே செல்லக் கட்டுப்பாடு, மிகை நேர வேலை, பேச்சுத் தொடர்புக்குத் தடை ஆகியவை குறித்துத் தொண்டு நிறுவனங்கள் தொடர்ந்து எழுதின. நெதர்லாந்து நாட்டின் சோமோ ஆய்வு நிறுவனமும் மற்றோர் அமைப்பும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட அறிக்கை இதனை உலகின் பார்வைக்குக் கொண்டுசென்றது. ‘சுமங்கலி’ என்ற மங்கலச் சொல்லே அங்கு ஒரு நைஸான சொல்லாகப் பயன்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

அம்மாணவி சொன்னதைக் கேட்டபின் நம் தமிழின் பக்கம் திரும்பிப் பார்த்தோம். பார்த்தது நம்மை நிம்மதியாக விடவில்லை. அச்சம், நாணம், மடம் என்று பெண்ணுக்குரியனவாகத் தொல்காப்பியம் தொகுத்துச் சொல்கிறது. இவற்றுள் ‘மடம்’ எது? அறியாமை. பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொள்வதும், ஏற்றதை விடாதிருப்பதும் மடம் என உரைமரபு விளக்கம் தரும். மடநடை, மடமான், மடக்கிளி என அதே ‘மட’ அழகையும் இளமையையும் குறித்துப் பாராட்டுச் சொல்லாகப் பாட்டெங்கும் வருகிறது. ஆணுக்கு வந்தால் மடமை, அது பழி. பெண்ணுக்கு வந்தால் மடம், அது அணி. ‘பேதை’யும் அவ்வாறே. திருக்குறளில் ‘பேதைமை’ ஓர் அதிகாரம் முழுவதும் கடியப்படும் குற்றம். பெண்ணின் எழுபருவங்களில் முதற்பருவத்துக்குப் பெயரும் ‘பேதை’தான்.

இலத்தீனில் ‘அறியாதவன்’ என்று பிறந்த சொல் ஆங்கிலத்தில் நாணம், நாசூக்கு வழியே நடந்து ‘இனிய’ என்று முடிந்தது. தமிழில் அறியாமையைச் சுட்டும் சொல் மென்மை வழியே நடந்து அழகின் அடைமொழியாயிற்று. இரு மொழிக்கும் இவ்விடத்தில் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒலி ஒற்றுமையும் இல்லை. ஆயினும் இரண்டு சமூகங்களும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. கேள்வி கேட்காதவரை நல்லவர் என்று பெயரிட்டிருக்கின்றன. சொல்லாராய்ச்சியில் உறவு தேடுவோர் ‘நை’யைப் பிடித்துத் தொங்குவதைவிட ‘மட’த்தை நோக்கியிருந்தால் உண்மையான உறவைக் கண்டிருப்பர். அது வேர்ச்சொல் உறவன்று, மனப்போக்கின் உறவு.

மாணவரின் கட்டுரையில் ஓர் உண்மை ஒளிந்திருந்ததையும் சொல்லிவிட வேண்டும். அது சொல்லில் இல்லை, தொழிலில் இருக்கிறது. துணியை நைஸாக்க நம் ஊரில் ‘பயோ வாஷ்’ கொடுக்கிறார்கள். நொதியொன்று துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத் துய்யை அரித்துத் தின்றுவிடும்; துணி வழவழப்பாகும். அதற்கு விலையாகத் துணியின் எடையும் வலுவும் சற்றுக் குறையும். அளவு மிஞ்சினால் துணி நைந்தே போகும். நைஸாக்குவதும் நையவைப்பதும் அந்தத் தொட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மனிதருக்கும் இது பொருந்தும். முரண்டிக்கொண்டு நிற்கும் துய்யையெல்லாம் அரித்தெடுத்து ஒரு பெண்பிள்ளையை நைஸாக்கிவிட்டால், மிஞ்சுவது தொடுவதற்கு இதமாகத்தான் இருக்கும், இழுத்தால் தாங்காது.

நம் கருத்து இதுதான். தமிழ்த்துறைகளில் சொற்பிறப்பியலை மேடைக்காகக் கற்பிப்பதை நிறுத்த வேண்டும். சிங்கர், பேட்லாக், கைமடி, பிசிறு வெட்டுதல், செகண்ட்ஸ் என்று இந்த ஊரில் புழங்கும் நூற்றுக்கணக்கான தொழிற்சொற்களை மாணவர்கள் தொகுக்கட்டும். எது எங்கிருந்து வந்தது, வந்தபின் இங்கே யார் வாயில் யாரைக் குறித்து என்ன பொருள்பட்டது என்று சான்றோடு எழுதட்டும். தமிழே எல்லாவற்றுக்கும் மூலம் என்று முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்று தேடுவது ஆராய்ச்சியாகாது. அது கேட்க இனிமையானது, அறிவில்லாதது. அதாவது, இரு பொருளிலும் நைஸ்.

அம்மாணவர் கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தார். ‘நை’ பற்றிய பகுதியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அம்மாணவி சொன்னதை அவருடைய இசைவோடு சேர்த்திருந்தார். இம்முறை வகுப்பில் கைதட்டல் இல்லை. பின்வரிசையிலிருந்து மூன்று பேர் கேள்வி கேட்டனர். மூவரும் பெண்கள்.